மலையில் வெல்டிங் மெஷின் மக்கர் செய்தால்: மூன்று வேலை இன்வெர்ட்டருக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ராடு, மிக் (வயர் தானாக ஓடி வரும் வெல்டிங்), டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்கான் கேஸோடு செய்யும் வெல்டிங்) மூன்றையும் ஒரே பெட்டியில் செய்யும் இன்வெர்ட்டர் மெஷின் இப்போது நீலகிரிப் பட்டறைகளில் சாதாரணம். எஸ்டேட் கேட், பாலிஹவுஸ் பைப், டீ பேக்டரி ட்ரையர் தகடு, ஜீப் சேஸிஸ் என்று எங்கே கூப்பிட்டாலும் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். அது நின்றுபோனால் மட்டும் உடனே "போர்டு போச்சு" என்று முடிவு கட்டி, மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எங்கள் பட்டறைக்கு ரிப்பேருக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் போர்டு நன்றாகவே இருக்கிறது. கோளாறு கரண்ட்டில், ஈரத்தில், தூசியில், கேஸில் இருக்கிறது. அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் மெஷினுக்கு வெளியே தேடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் அதற்கு அப்புறம்.

கையில் வேண்டியது ஒரு மல்டிமீட்டர், சீரீஸ் லேம்ப் (லைனுக்கும் மெஷினுக்கும் நடுவே தொடராக மாட்டும் 100 அல்லது 200 வாட் குண்டு பல்பு), ஒரு பெயிண்ட் பிரஷ், ப்ளோயர். கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

மூடியைக் கழற்றும் முன்

230 வோல்ட் உள்ளே போய் டிசி ஆகும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. அதைப் பெரிய கெப்பாசிட்டர்கள் பிடித்து வைத்திருக்கும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், பத்து நிமிடம் விடுங்கள், மூடியைத் திறந்ததும் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு வயரையும் அதன்மேல் தொட்டு இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி தட்டி இறக்குவது வேண்டவே வேண்டாம். கெப்பாசிட்டரும் கெடும், கையும் போகும். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் மூடியைத் தொடாதீர்கள். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் மூடி திறக்காமலே முடியும்.

அறிகுறி: சுவிட்ச் போட்டால் ஒன்றுமே இல்லை

லைட் இல்லை, பேன் இல்லை. முதலில் அதே பிளக் பாயிண்ட்டில் வேறொரு பல்பைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் மெஷினின் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். 16 ஆம்பியர் பிளக்கில் 20 ஆம்பியருக்கு மேல் நாள் முழுக்க இழுத்தால் என்ன ஆகும் என்று அங்கேயே தெரியும்: பின் பழுப்பேறி இருக்கும், பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வயரின் தாமிரம் கருத்து உதிரும். கருத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும் போடுங்கள். இது சின்னச் செலவு.

பிளக் சரியென்றால் மெஷினின் பின்பக்க சுவிட்ச். மூடியைத் திறந்து, கரண்ட் இல்லாமல், சுவிட்சின் இரண்டு பக்கத்துக்கும் கன்டின்யூட்டி பாருங்கள். ஆன் நிலையில் பீப் வராவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. அதே ஆம்பியர் சுவிட்ச் கிடைக்கும், நீங்களே மாற்றலாம்.

சுவிட்சும் சரி, ஆனால் ஒரு சின்ன எல்இடி கூட எரியவில்லை என்றால் உள்ளே 24 வோல்ட் தரும் சின்ன சப்ளை பகுதி இறந்திருக்கும். அதை உயிரோடு அளக்க வேண்டும் என்பதால் இங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: சுவிட்ச் போட்டதும் டிரிப் ஆகிறது

எது டிரிப் ஆகிறது என்று பாருங்கள்: கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபியா, அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் விழும் எம்சிபியா? இதைக் கேட்காமலே மெஷினைப் பிரிப்பவர்கள் நிறைய பேர்.

ஆர்சிசிபி மட்டும் விழுகிறது, எம்சிபி நிற்கிறது என்றால்

இது கசிவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், நடுவட்டம் பக்கமும், அக்டோபருக்கு மேல் குன்னூர், கோத்தகிரி பக்கமும் இந்தப் புகார் கூடும். மூடுபனியில் ராத்திரி முழுக்க ஜீப்பில் கிடந்த மெஷினைக் காலையில் கதகதப்பான பேக்டரிக்குள் கொண்டுபோனால், குளிர்ந்த இரும்பின்மேல் ஈரம் வியர்த்து நிற்கும். அந்த நிலையில் சுவிட்ச் போடாதீர்கள். உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரமாவது சும்மா வையுங்கள்.

ஏற்கெனவே டிரிப் ஆகிவிட்டதா? மூடியைத் திறந்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து அரை மணி நேரம் காட்டுங்கள். அல்லது ஒரு பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்போடு ராத்திரி வையுங்கள். காய்ந்த பிறகும் ஆர்சிசிபி விழுந்தால் பவர் கேபிளை மட்டும் மெஷினிலிருந்து பிரித்துச் சோதியுங்கள். தரையில் இழுபட்டு ரப்பர் கிழிந்த கேபிள் ஈரப் புல்லில் கிடந்தாலே போதும்.

எம்சிபி டப்பென்று விழுகிறது என்றால்

பத்து தடவை போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இன்னொன்று போகும். சீரீஸ் லேம்ப் வழியாக ஒரே ஒரு தடவை கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர்கள் நிறைகின்றன, பெரிய ஷார்ட் இல்லை. அப்படியானால் எம்சிபியே சின்னது அல்லது களைத்தது. 'சி' வகை 32 ஆம்பியர் போட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு வரும் வீட்டு வயர் தாங்குமா என்று முதலில் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். மெல்லிய வயருக்குப் பெரிய எம்சிபி போட்டால் சுவருக்குள் வயர்தான் எரியும்.

பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஷார்ட். பிரிட்ஜ் ரெக்டிபயர் (ஏசியை டிசி ஆக்குவது) அல்லது ஐஜிபிடி (அந்த டிசியை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுவிட்ச்). கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு டயோடு மோடில் பிரிட்ஜைப் பாருங்கள். எந்த இரண்டு காலிலும் இரண்டு பக்கமும் 0.00 காட்டினால் அது போய்விட்டது. பிரிட்ஜ் மட்டும்தான் என்றால் சால்டரில் கை பழகியவர் மாற்றலாம்.

ஐஜிபிடி போயிருந்தால் நிறுத்துங்கள். வெந்த ஐஜிபிடி தனியாகப் போவதில்லை. அதன் கேட் காலுக்குப் போகும் ரெசிஸ்டரையும் ஜெனர் டயோடையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். அவற்றைப் பார்க்காமல் புது ஐஜிபிடி மட்டும் போட்டால், சுவிட்ச் போட்ட நொடியில் புதுசும் வெடிக்கும். இது மெக்கானிக் வேலை. ஆசிலோஸ்கோப் வைத்து கேட் பல்ஸைப் பார்த்த பிறகே முழுக் கரண்ட் கொடுப்பவராக இருக்க வேண்டும்.

அறிகுறி: லைட் எரிகிறது, பேன் ஓடுகிறது, ஆர்க் (வெல்டிங் பொறி) வரவில்லை

எர்த் கிளாம்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். பெயிண்ட் மேலேயோ துரு மேலேயோ மாட்டியிருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். கேபிளின் முன்பக்க கனெக்டரைத் திருகி இறுக்குங்கள். கை வைத்தால் அது மட்டும் சுடுகிறது என்றால் உள்ளே தளர்ந்திருக்கிறது.

அடுத்து மோடு. மிக் மோடில் வைத்துவிட்டு ராடு ஹோல்டரால் தட்டினால் ஆர்க் வராது. அந்த மோடில் டார்ச் சுவிட்சை அழுத்தினால்தான் வெளியே வோல்டேஜ் வரும். ராடு மோடில் வைத்து இரண்டு கனெக்டருக்கும் நடுவே டிசி வோல்ட் அளங்கள். பொதுவாக 60 முதல் 80 வரை இருக்கும். பத்து இருபது வோல்ட் மட்டும் காட்டினால் அவசரப்பட வேண்டாம். ஷாக் அடிக்காமல் இருக்க வோல்டேஜைக் குறைத்து வைக்கும் விஆர்டி வசதி சில மெஷின்களில் உண்டு. அதற்கென்று சுவிட்ச் இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி அளங்கள்.

சுத்தமாகப் பூஜ்யம் என்றால், பிளக்கைப் பிடுங்கி, மூடி திறக்காமலே வெளியே கரண்ட் தரும் டயோடுகளைப் பார்க்கலாம். மீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்பு முனையை மைனஸிலும் கருப்பு முனையை ப்ளஸிலும் வையுங்கள், 0.2 முதல் 0.4 வரை காட்டும். முனைகளை மாற்றினால் எண் ஏறிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் 0.00 என்றால் டயோடு ஷார்ட். டயோடு சரி, ஆனாலும் வெளியே வோல்ட் இல்லை என்றால் கன்ட்ரோல் போர்டு. அதற்குமேல் மெக்கானிக்.

அறிகுறி: ஆர்க் வருகிறது, பலமில்லை, ராடு ஒட்டுகிறது

மலையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். போர்டைக் கெடுக்கும் காரணமும் பல நேரம் இதற்குள்ளேயே இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

வோல்டேஜை வேலை நடக்கும்போது அளங்கள்

சும்மா இருக்கும்போது 225 வோல்ட் காட்டும் பாயிண்ட், ராடு எரியும்போது 175க்கு இறங்கலாம். அதனால் ஒருவர் வெல்டு அடிக்க, இன்னொருவர் பிளக் பாயிண்ட்டில் மீட்டரைப் பார்க்க வேண்டும். அதே மாதிரி எக்ஸ்டென்ஷன் கேபிளின் கடைசி முனையிலும் பாருங்கள். வீட்டுப் பாயிண்ட்டிலேயே விழுந்தால் லைன் கோளாறு. கேபிள் முனையில் மட்டும் விழுந்தால் கேபிள்.

கேபிள் கணக்கு இப்படி. 3.15 எம்எம் ராடை 120 ஆம்பியரில் எரித்தால், பிஎப்சி (லைனிலிருந்து இழுக்கும் கரண்ட்டைச் சீராக்கும் பகுதி) இல்லாத மெஷின் உள்ளே சுமார் 22 ஆம்பியர் இழுக்கும். 2.5 எம்எம் ராடுக்கு 14 ஆம்பியர் போல. வீட்டிலிருந்து தேயிலைச் சரிவில் கீழே இருக்கும் கேட் வரை 60 மீட்டர் இழுத்தீர்கள் என்று வையுங்கள். போக வர 120 மீட்டர் தாமிரம். 22 ஆம்பியருக்கு 1.5 சதுர எம்எம் வயரில் 32 வோல்ட் போய்விடும். 2.5ல் 19 வோல்ட், 4ல் 12, 6ல் 8. சாயங்காலம் லைனே 195ல் இருக்கும்போது 1.5 வயரில் வேலை செய்தால் மெஷினுக்குக் கிடைப்பது 163. பல மெஷின்கள் அந்த இடத்தில் திணறும், சில தாமாகவே நின்றுவிடும்.

நிற்கும் மெஷின் தப்பித்தது. நிற்காமல் ஓடுவதற்குத்தான் ஆபத்து. வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு இன்வெர்ட்டர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஐஜிபிடி சூடாகும். "குறைந்த வோல்டேஜில் கெடாது" என்று நினைத்து 160 வோல்ட்டில் நாள் முழுக்க ஓட்டிய மெஷின்கள்தான் பிறகு எம்சிபி டிரிப் புகாரோடு வருகின்றன.

என்ன செய்யலாம்? 60 மீட்டருக்கு 4 சதுர எம்எம்முக்குக் குறைந்த கேபிள் வேண்டாம். கேபிளைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி ரப்பர் இளகும். முடிந்தால் மெஷினை வீட்டுப் பக்கம் வைத்துவிட்டு, தடித்த வெல்டிங் கேபிளை நீட்டுங்கள். 3.15 ராடுக்குப் பதில் 2.5 ராடு போடுங்கள். லைனே விழுகிறது என்றால் காலையில் பேக்டரி மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன் வேலையை முடிப்பதைத் தவிர உடனடி வழி இல்லை. மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள், லோடோடு அளந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டினால்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். 5 கேவிஏ என்று எழுதிய ஜெனரேட்டர் அங்கே 4 போலத்தான் தரும். 3.15 ராடு ஒன்றே 5 கேவிஏ கேட்கும். அப்படியிருக்க ஆர்க் எப்படி நிற்கும்? ஊட்டியில் 3.15 ராடுக்கு 8 கேவிஏ ஜெனரேட்டர் பாருங்கள். இன்ஜின் ஓடி நிலைக்கு வந்த பிறகு மெஷினைச் செருகுங்கள். நிறுத்தும்போது முதலில் மெஷின், அப்புறம் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்து இன்ஜின் தள்ளாடிச் சாகும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

கரண்ட் சரி, ராடு மட்டும் சிடுசிடுக்கிறது என்றால்

ஈர ராடு. மழைக்காலத்தில் பிரித்த பாக்கெட் ஒரே வாரத்தில் ஈரம் குடித்துவிடும். சாதாரண வேலைக்கான 6013 ராடை 100 டிகிரி போல ஒரு மணி நேரம் காயவைத்தால் சரியாகிவிடும். பல்பு போட்ட மரப்பெட்டி அதைக் காய்ந்த நிலையில் வைத்திருக்கப் போதும். 7018க்கு அந்தப் பெட்டி போதாது. 300 டிகிரிக்கு மேல் அவனில் வைக்க வேண்டும். பாரம் தாங்கும் வேலைக்கு ஈர 7018 போட்டால் வெல்டு பார்க்க நன்றாக இருந்து, பிறகு விரிசல் விடும்.

அறிகுறி: மஞ்சள் லைட் எரிந்து நின்றுவிடுகிறது

வேலை செய்து சூடான பிறகு எரிந்தால் அது அதன் கடமையைச் செய்கிறது. சுவிட்சை அணைக்காதீர்கள், பேன் ஓடட்டும். 60 சதவீத டூட்டி என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்டு, நான்கு நிமிடம் ஓய்வு. வெல்டிங் மெஷின்களுக்கான சர்வதேசத் தரத்தில் இந்தக் கணக்கு 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். குன்னூரே 1,800 மீட்டருக்கு மேல். மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துக்கொண்டு போகும். மலைக் குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. ஆனால் வெயில் நாளில் தகரக் கொட்டகைக்குள் அந்தக் குளிர் இருக்காது.

முன்னைவிடச் சீக்கிரமாக எரிகிறது என்றால் தூசி. டீ பேக்டரியில் ஓடிய மெஷினைத் திறந்தால், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் டீ பஞ்சும் கிரைண்டர் அடித்த இரும்புத் தூளும் கலந்து, கம்பளித் துண்டு போல ஒரு பழுப்புப் படலம் மூடியிருக்கும். விரலால் உரித்து எடுக்கலாம். அந்த இரும்புத் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் ஷார்ட்டும் ஆக்கும். பிரஷால் தளர்த்தி, காய்ந்த காற்றை மிதமாக ஊதி எடுங்கள். ஊதும்போது பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசிக்குப் பதில் தண்ணீரை ஊதுவீர்கள்.

குளிர்ந்த மெஷினை ஆன் செய்ததுமே மஞ்சள் லைட் எரிந்தால் சூடு காரணமில்லை. ஹீட்சிங்க்கில் ஒட்டியிருக்கும் சென்சரின் மெல்லிய வயர் கழன்றிருக்கும், அல்லது கனெக்டரில் பச்சை பூத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். சென்சரைப் பைபாஸ் செய்து ஓட்டாதீர்கள்.

அறிகுறி: மிக்கில் வயர் தடுமாறுகிறது, சிக்கிச் சுருள்கிறது

டார்ச் முனையில் வயர் வெளியே வரும் டிப்பைக் கழற்றி டார்ச் சுவிட்சை அழுத்துங்கள். வயர் ஓடினால் டிப்தான் அடைத்திருக்கிறது; மாற்றுங்கள், மலிவு. ஓடவில்லை என்றால் ரோலரைத் தளர்த்தி வயரைக் கையால் இழுங்கள். இறுகினால் லைனர் (டார்ச் கேபிளுக்குள் வயர் ஓடும் குழாய்). மழைக்காலத்தில் மெஷினிலேயே விட்ட ஸ்பூல் துருப்பிடித்து, அந்தத் தூள் லைனருக்குள் போய் அடைக்கும். துருப்பிடித்த சுற்றுகளை வெட்டி எறியுங்கள், லைனரை ஊதுங்கள், போகாவிட்டால் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஸ்பூலைக் கழற்றி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கையால் எளிதாக வருகிறது, மோட்டார் சுற்றுகிறது, வயர் வழுக்குகிறது என்றால் ரோலர் பள்ளம். 0.8 வயருக்கு 0.8 பள்ளம், கேஸ் இல்லாத பிளக்ஸ் வயருக்குப் பல் வைத்த ரோலர். ரோலரை இன்னும் இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் வயர் நசுங்கி லைனரில் மாட்டும். மோட்டாரே சுற்றவில்லை என்றால் டார்ச் சுவிட்ச் வயரைப் பாருங்கள். கைப்பிடி வளையும் இடத்தில்தான் அறும்.

அறிகுறி: மிக் வெல்டு துளை துளையாக வருகிறது

போலாரிட்டியை முதலில் பாருங்கள். கேஸ் வயருக்கு டார்ச் ப்ளஸில். கேஸ் இல்லாத வயருக்கு டார்ச் மைனஸில். மூன்று வேலை மெஷினில் முன்பக்கம் தொங்கும் குட்டிக் கேபிள் இதற்குத்தான். நேற்று டிக் செய்தவர் மாற்றிவிட்டு, இன்று மிக் செய்பவர் பார்க்காமல் ஆரம்பித்தால் பொறி தெறித்து வெல்டு நுரைக்கும்.

அடுத்து காற்று. மலை முகட்டில் கேஸை ஊதி அடிக்கிற காற்றுக்கு எந்த ரெகுலேட்டரும் பதில் சொல்லாது. தார்ப்பாய் கட்டுங்கள், அல்லது பிளக்ஸ் வயருக்கு மாறுங்கள். கேஸை நிமிடத்துக்கு 25 லிட்டராக ஏற்றினால் அதுவே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். 10 முதல் 15 போதும்.

அப்புறம் குளிர். சிலிண்டருக்குள் சிஓ2 திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தம் சூட்டைப் பொறுத்தது: 20 டிகிரியில் சுமார் 57 பார், 10 டிகிரியில் 45, உறைநிலையில் 35. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் கேஜ் கீழே இறங்கியிருந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரை எடை போடுங்கள். திரவம் கேஸாக மாறும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் ரெகுலேட்டர் வெள்ளையாகப் பூத்து, உள்ளே அடைத்து, பத்து நிமிட வெல்டுக்குப் பிறகு கேஸ் விட்டு விட்டு வரும். முதல் அடி நன்றாக வந்து, பிறகு துளை விழுகிறது என்றால் இதுவே காரணம். ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் வாங்குங்கள். இருக்கிறவர்கள் ஹீட்டர் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ரெகுலேட்டரில் சுற்றலாம். நெருப்பைச் சிலிண்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

இவையெல்லாம் சரியென்றால் டார்ச் சுவிட்சை அழுத்தி, மெஷினுக்குள் கேஸைத் திறந்துவிடும் சொலினாய்டு 'டிக்' என்று தட்டுகிறதா என்று கேளுங்கள். தட்டவில்லை என்றால் மெக்கானிக்கை வைத்து உயிரோடு அளக்கச் சொல்லுங்கள்: அதன் இரண்டு வயரிலும் 24 வோல்ட் வருகிறது என்றால் சொலினாய்டை மாற்றுங்கள். வோல்ட்டே வரவில்லை என்றால் போர்டு.

அறிகுறி: டிக்கில் டங்ஸ்டன் உருகிக் கருகுகிறது

டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். கேஸ் சுத்த ஆர்கான், மிக்குக்கு வைத்த கலவை கேஸ் இல்லை. வால்வு டார்ச் என்றால் கைப்பிடியில் இருக்கும் திருகைத் திறந்தீர்களா? முடித்த பிறகும் முனை குளிரும் வரை கேஸ் ஓட வேண்டும். அலுமினியம் பிடிக்கவில்லை என்று ரிப்பேருக்குக் கொண்டுவருகிறார்கள். டிசி மட்டும் தரும் மெஷினில் டிக் அலுமினிய வேலை ஓடாது. ஏசி டிக் வேண்டும்.

அறிகுறி: மெஷினைத் தொட்டால் ஷாக்

வேலையை அந்த நொடியே நிறுத்துங்கள். இதில் சோதித்துப் பார்க்கும் பேச்சே இல்லை. ஈரத் தரையில் நின்று வேலை செய்கிற ஊர் இது. முதலில் பிளக்கில் எர்த் வயர் மாட்டியிருக்கிறதா, அப்புறம் அந்தப் பாயிண்ட்டில் உண்மையாகவே எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இரண்டும் சரியாகி, மெஷின் நன்றாகக் காய்ந்த பிறகும் ஆர்சிசிபி விழுந்தால் ரிப்பேருக்கு அனுப்புங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

ஐஜிபிடி, கன்ட்ரோல் போர்டு, உள்ளே தீய்ந்த வாடை, கெப்பாசிட்டர் தலை உப்பியது, வாரண்டி சீல் உடையாதது: இந்த ஐந்திலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். ரிப்பேர்ச் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால், போர்டுக்கு எத்தனை மாதம் கேரண்டி என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

"ஓடலை" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எந்த மோடில் நின்றது, ஆன் செய்ததுமா, சூடான பிறகா, எது டிரிப் ஆனது, வேலை நடக்கும்போது பிளக்கில் எத்தனை வோல்ட், எக்ஸ்டென்ஷன் எத்தனை மீட்டர், ஜெனரேட்டரா லைனா, மெஷின் நனைந்ததா என்று ஒரு காகிதத்தில் எழுதி மெஷினிலேயே ஒட்டுங்கள். திரையில் எரர் எண் வந்திருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த எண்ணின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியோடு டார்ச், எர்த் கேபிள், பவர் பிளக் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவை இல்லாமல் போனால், அங்கே வேறு கேபிளில் மெஷின் நன்றாக ஓடும், திரும்ப மலையேறி வந்ததும் பழையபடி நிற்கும்.